வயலின், வீணை வாசிப்பவர்களின் வலி: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்
(மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களின் கேள்விகள்)

பத்து வயது மகள் வயலின் கற்கிறாள். அண்ணனுடைய வயலின்தான். அரை மணி நேரத்திலேயே இடது தோள் வலிக்கிறது என்கிறாள். ஆசிரியரோ, 'வலித்தால்தான் கை பழகும்' என்கிறார்.

ஆரம்பத்தில் விரல் நுனி எரியும், அது பழகிவிடும். தோள், கழுத்து, மணிக்கட்டு வலிப்பது பழக்கம் அல்ல, ஏதோ பொருந்தவில்லை. அண்ணனுடையது முழு அளவாக இருந்தால் அதன் உடல் மட்டுமே சுமார் 14 அங்குலம். இந்த வயதுக்கு அரை அல்லது முக்கால் அளவுதான் பெரும்பாலும் சரியாக வரும். முதலில் அதை மாற்றுங்கள். பிறகு சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் வைத்து, இடது கையை முழுதாக எடுத்துவிடச் சொல்லுங்கள். வயலின் அசையாமல் நிற்க வேண்டும். நழுவினால், அதைத் தாங்குவது கட்டைவிரல் என்று அர்த்தம். தாங்குகிற கையால் கமகம் (சுரத்தை அசைத்து, வழுக்கி வாசிப்பது) வழுக்காது; அந்த இறுக்கம்தான் தோளுக்கு ஏறுகிறது. கணுக்காலுக்கும் மார்புக்கும் இடையே பிடிமானம் கிடைக்கும்வரை உட்காரும் விதத்தை மாற்றிப் பாருங்கள்.

விடியற்காலையில் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுக்கிறேன், மாலையில் வீணை. வலது மணிக்கட்டு வலி ஒரு மாதமாக விடவில்லை.

காலையிலேயே கத்தி பிடித்து உழைத்த கை அம்மா அது. நவராத்திரி நெருங்குகிறதென்று அரை மணியை இரண்டு மணியாக ஒரேயடியாகக் கூட்டியிருந்தால் உடனே குறையுங்கள். இருபது நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். மீட்டும்போது மணிக்கட்டு உள்ளே மடங்காமல், முன்கைக்கு நேராக இருக்கட்டும். ஒரு மாதம் நீடித்த வலிக்கு அரசாங்க கிளினிக்கில் காட்டிவிடுவதே நல்லது. இடது கையும் சோர்ந்தால் வீணையையே பாருங்கள்: மேளத்திலிருந்து (மெழுகில் பதித்த மெட்டுகள்) தந்தி உயரமாக நின்றால் அழுத்த அழுத்தப் பலம் போகும். நம்மூர் வெயிலுக்கு மெழுகு இளகி மேளம் நகர்வதும் உண்டு. தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

வாசிக்கும் முன் தைலம் தேய்க்கலாமா?

வேண்டாம். விரல் வழுக்க ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தொடுவது வேறு விஷயம் (அதுவும் வில்லில் படாமல்). தைலத்தின் சூடு வலியை மறைக்கும், நீங்கள் வாசித்துக்கொண்டே போவீர்கள்.

கிட்டார் வாசிப்பவன். சுண்டுவிரல் மரத்துப்போகிறது.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் பெரும்பாலும் முழங்கை நரம்பு. நெடுநேரம் மடக்கி வைக்காதீர்கள், தூங்கும்போதும்தான். கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்து, இரவில் எழுப்பினால் மணிக்கட்டு நரம்பு. கையிலிருந்து பொருள் நழுவ ஆரம்பித்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள் தம்பி.