கொலோனோஸ்கோபி செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ரொம்ப வலிக்குமா? முந்தைய நாள் குடலைக் கழுவும் மருந்தை எப்படிக் குடித்துத் தீர்ப்பது?

கொலோனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த டியூபை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் டெஸ்ட். வலியைப் பற்றிய பதில் சின்னது. மயக்க ஊசி போட்டுச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. நீங்கள் மெனக்கெட வேண்டியதெல்லாம் முந்தைய நாளுக்குத்தான்.

எனக்கு மலத்தோடு அவ்வப்போது ரத்தம் போனது. நம் ஊரில் இதை யாரிடம் சொன்னாலும் அவர் அந்த நிமிடமே வைத்தியராகிவிடுவார். "மூலச்சூடுடா, துத்திக்கீரை சாப்பிடு" என்றார் பெரியப்பா. குடல் நோய்களைப் பார்க்கும் கேஸ்ட்ரோ டாக்டரும் அதை மறுக்கவில்லை. "மூலமாத்தான் இருக்கும். ஆனா மூலம் இருக்கிறவருக்கு மேல வேற எதுவும் இருக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையே சார். நாற்பதைத் தாண்டிட்டீங்க, பார்த்துடலாம்" என்றார். பார்த்தார்கள். மூலமும் இருந்தது, கூடவே ஒரு சின்ன பாலிப்பும், அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியும் இருந்தது.

சரி, தயாரிப்புக்கு வருவோம். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள். கீரை, கொய்யா, வெண்டைக்காய், விதையுள்ள எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு, இட்லி, தயிர் தாராளமாகச் சாப்பிடலாம். டயட்டீஷியன்கள் இத்தனை நாள் திட்டிய சாப்பாடு அத்தனைக்கும் அனுமதி! முந்தைய நாள் வெறும் திரவம்தான்: இளநீர், வடிகட்டிய ரசத் தெளிவு, பால் சேர்க்காத டீ. பீட்ரூட், மாதுளை, திராட்சைச் சாறு வேண்டாம். அந்த நிறம் உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

அப்புறம் அந்தப் பவுடர். பாலிஎத்திலீன் கிளைக்கால், கூடக் கொஞ்சம் உப்புகள். எனக்குக் கொடுத்ததை 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். இதைக் குடல் உறிஞ்சிக்கொள்ளாது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே கீழே இறங்கி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். உப்புகள் சேர்ந்திருப்பதால் உடம்பில் சோடியம், பொட்டாசியம் அளவு பெரிதாகக் குலையாது. "விளக்கெண்ணெய் குடித்தால் போதாதா" என்று வீட்டில் கேட்பார்கள். போதாது.

முதல் டம்ளர் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு போல இறங்கிவிட்டது. நாலாவது டம்ளரில் அந்த வழவழப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு குமட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் என் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, அடுத்தது எடுங்க" என்று நின்றாள். எனக்கு உதவியவை: ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர வைத்தது, ஸ்ட்ராவை நாக்கின் பின்பக்கம் வைத்து உறிஞ்சியது, ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் எலுமிச்சைத் துண்டை நக்கியது. குமட்டல் அதிகமானால் அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தொடருங்கள். பாத்ரூம் பக்கத்திலேயே இருங்கள். டிஷ்யூ பேப்பரை விடத் தண்ணீர் நல்லது, முன்கூட்டியே கொஞ்சம் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். பிறகு நன்றி சொல்வீர்கள்.

பாதியை இரவிலும் மீதியை விடிகாலையிலும் குடிக்கச் சொன்னால், தூக்கத்துக்கு ஆசைப்பட்டு மொத்தத்தையும் இரவிலேயே முடித்துவிடாதீர்கள். இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த நீர் இறங்கிப் பெருங்குடலின் வலது பக்கத்தில் படிந்துகொண்டே இருக்கும். காலை டோஸ்தான் அதைக் கழுவும். தட்டையான பாலிப்புகள் தப்பிப் போவதும் பெரும்பாலும் அந்த வலது பக்கத்தில்தான். மறுநாள் நர்ஸ் என் பெயருக்கு அடுத்துக் கேட்டதே, "சார், கடைசியா எப்படிப் போச்சு? கலங்கலா, தெளிவா?" என்றுதான். லேசான மஞ்சளில் தெளிந்த தண்ணீராகப் போயிருந்தால் சரி. கலங்கலாக இருந்தால் கேமரா முன்னால் சேறுதான் தெரியும், இன்னொரு நாள் இதே கூத்து.

மற்றபடி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். டாக்டரிடம் பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்ட வைக்கும்.

டெஸ்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்பக்கம் திறந்த கவுன், மூக்கில் ஆக்சிஜன், இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். கையில் ஊசி ஏறியது. அடுத்து நினைவிருப்பது, "சார், காத்து வந்தா அடக்காதீங்க, விட்டுடுங்க" என்ற குரல். குடலை விரிக்க உள்ளே காற்று செலுத்துவார்கள், அதனால் கொஞ்ச நேரம் வயிறு உப்பலாக இருக்கும். அந்த வார்டில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

டியூபை முழுக்க உள்ளே கொண்டுபோய்விட்டு, வெளியே இழுத்து வரும்போதுதான் டாக்டர் நிதானமாகப் பார்ப்பார். குறைந்தது 6 நிமிடமாவது அப்படிப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். சிறுகுடல் பெருங்குடலில் வந்து சேரும் இடத்தையும் நம் நாட்டில் கவனமாகப் பார்க்கிறார்கள். குடல் காசநோய் அங்கேதான் அதிகம் வரும். குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன்ஸ் நோயும் பார்க்க அதே போல இருக்கும் என்பதால் துளி சதை எடுத்து பயாப்சிக்கு, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனைக்கு அனுப்புவார்கள். சதை எடுப்பது வலிக்காது.

என் பாலிப்பை அப்போதே கம்பி வளையத்தால் எடுத்துவிட்டார்கள். 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற டாக்டர் இந்த முறையைச் செய்து காட்டும் வரை, உள்ளே உயரத்தில் இருக்கும் பாலிப்புக்கு வயிற்றைத்தான் கிழிக்க வேண்டியிருந்தது. சில வகைப் பாலிப் புற்றாக மாறப் பல வருடங்கள் எடுக்கும். அதற்குள் எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

குடலில் ஓட்டை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு இருந்தால் காலை வரை காத்திராமல் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது, கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். பயாப்சி ரிசல்ட் வரச் சில நாள் ஆகும். அதைப் போய் வாங்குங்கள், நிறையப் பேர் வாங்குவதே இல்லை. அடுத்த கொலோனோஸ்கோபி எத்தனை வருடம் கழித்து என்பதை அதை வைத்துத்தான் டாக்டர் சொல்வார்.