கேள்வி பதில்: நைலான் தந்திகளில் ஸ்கை தீவின் படகுப் பாட்டு

கேள்வி: சில ஆண்டுகளாக கிளாசிக்கல் கிட்டார் கற்றுவருகிறேன். ஸ்காட்லாந்தின் ‘ஸ்கை படகுப் பாட்டு’ எனக்கு மிகவும் பிடிக்கும். அதற்காக வாங்கிய ஸ்வரத்தாளில் ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எழுதப்பட்டிருக்கிறது. அப்படியே வாசித்தால் பாட்டு நடக்காமல் தடுக்கித் தடுக்கி நிற்கிறது. துணைக்கு ஆளில்லாமல் தனிக் கிட்டாரில் இதை எவ்வாறு அமைத்துக்கொள்வது? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் காதை நம்புங்கள், குறை அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து முதலிய கேல்டிக் நிலங்களின் நாட்டார் பாடல்களில் பெரும்பாலானவை துணைக்கருவி எதுவும் இல்லாமல் பாடப்பட்ட ஒற்றை மெட்டுகள். அவற்றின் அடியில் இன்று நாம் காணும் கார்ட்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பிறகும் பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர்கள், வீட்டுக் கூடத்தில் பியானோ வாசிப்பவர்களை மனத்தில் வைத்துச் சேர்த்தார்கள். பியானோவில் பத்து விரல்களுக்கும் வேலை உண்டு. கிட்டாரில் மெட்டையும் பேஸ் என்ற அடிக்குரலையும் நடுக் குரலையும் நான்கு இடக்கை விரல்களே சுமக்க வேண்டும் என்பதால், எழுதியதையெல்லாம் வாசிக்க முயன்றால் முதலில் அறுபடுவது மெட்டுதான்.

இந்தப் பாட்டின் வரலாறே அதன் நடையைச் சொல்லிவிடுகிறது. 1870களில் ஆன் கேம்பெல் மக்லியாட் என்ற பெண்மணி ஸ்கை தீவில் உள்ள கொருஸ்க் ஏரியைப் படகில் கடந்தபோது, துடுப்புப் போட்டவர்கள் கேலிக் மொழியில் பாடிய ஒரு மெட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதற்கு ஹரோல்ட் போல்டன் ஆங்கிலச் சொற்களை எழுதினார். 1884இல் பாட்டு அச்சேறியது. 1746இல் கல்லோடன் போரில் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், ஃப்ளோரா மக்டொனால்டின் பணிப்பெண்ணாக வேடமிட்டுப் படகேறி ஸ்கை தீவுக்குத் தப்பிய கதை அந்தச் சொற்களில் வருகிறது. ஆகவே கதை பதினெட்டாம் நூற்றாண்டினுடையது, சொற்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டினுடையவை, மெட்டு துடுப்புக்காரர்களுடையது. வாசிப்பவர் கவனிக்க வேண்டியது துடுப்பை மட்டும்தான். தாளத்தில் 6/8 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆறாக எண்ணாதீர்கள். நம் திஸ்ர நடைபோல இரண்டே அடிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று அட்சரங்கள் என்று கொள்ளுங்கள். பல்லவியின் வரிகள் தொடங்கும் இடங்களில் முதல் ஸ்வரம் சற்று நீண்டு, இரண்டாவது சிறுத்து, மூன்றாவது தன் அளவில் நிற்கும். அந்த நீட்டலைச் சமப்படுத்திவிட்டால் படகு நின்றுவிடும். மெட்ரோனோமில் ஓர் அடிக்கு 50ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது சுருதி. டி மேஜரைத் தேர்ந்தெடுத்து, தடித்த 6ஆம் தந்தியை மட்டும் ஈயிலிருந்து டிக்கு இறக்கிவிடுங்கள். இப்போது தாழ்ந்த சுருதித் தந்திகள் மூன்றும் டி, ஏ, டி என்று, அதாவது ச ப ச என்று, இடக்கையின் உதவியே இல்லாமல் ஒலிக்கும். பல்லவியின் முதல் வரி ப த ப ச என்று தொடங்கும்: 3ஆம் தந்தியில் 2ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி), பிறகு 2ஆம் தந்தியை விரல் வைக்காமல், மீண்டும் 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட், பிறகு 2ஆம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட். தொடர்ந்து வரும் ரி க ரி ப முழுவதும் 1ஆம் தந்தியில் அமையும்: விரல் வைக்காமல், 2ஆம் ஃப்ரெட், விரல் வைக்காமல், 5ஆம் ஃப்ரெட். அதற்கடுத்த க ரி க த என்ற ஏற்றத்துக்கு 7ஆம் ஃப்ரெட் வரை போய், 5இல் இறங்கி நிற்க வேண்டும். பல்லவியில் கை இடம் பெயரும் ஒரே பெரிய தாவல் அதுதான் என்பதால் அதைத் தனியாக எடுத்துப் பழகுங்கள்.

பேஸுக்கு ஓர் அடிக்கு ஒன்று போதும். பல்லவியின் முதல் பாதிக்கு டி, பி, ஈ, ஏ, டி, ஜி, டி, ஏ என்ற எட்டு ஒலிகள். இவற்றில் ஐந்துக்கு இடக்கை விரலே தேவையில்லை. பியை 5ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டிலும், ஈயை 4ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டிலும், ஜியை 6ஆம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும் எடுக்கலாம். டிக்கு இறக்கிய தந்தியில் ஜி தொலைவாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் ஜி வரும் அடியில்தான் மெட்டும் 7ஆம் ஃப்ரெட்டுக்குப் போயிருக்கிறது, கை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நடுக் குரலை மெட்டு நீண்டு நிற்கும் இடங்களில் மட்டும் சேருங்கள். எடுத்துக்காட்டாக, இரண்டாம் வரியின் முடிவில் மெட்டு 5ஆம் ஃப்ரெட்டில் நிற்கும்போது, 4ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டிலிருந்து சுட்டுவிரலை எடுக்காமல் வைத்திருந்து, 5, 4, 3 என்று தந்திகளை வரிசையாக மீட்டினால் ஏ செவன்த்தின் சாயல் கிடைத்துவிடும். முழு கார்டையும் பிடிக்க வேண்டியதில்லை.

வலக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெட்டைத் தூக்கிக்காட்ட அப்போயாந்தோ வாசிக்குமாறு ஆசிரியர்கள் சொல்வது வழக்கம். மீட்டிய விரல் அடுத்த தந்தியில் வந்து தங்கும் அந்த முறையில் ஒலி திரண்டு வரும் என்பது உண்மையே. ஆனால் விரல் எந்தத் தந்தியில் தங்குகிறதோ அதன் ஒலி அந்தக் கணமே அடங்கிவிடும். கீழே ஒலித்துக்கொண்டிருப்பதை அணைக்கக் கூடாத இத்தகைய பாட்டுக்கு, மோதிர விரலின் எடையைச் சற்றுக் கூட்டிய திராந்தோவே (விரல் அடுத்த தந்தியில் தங்காத முறை) பொருந்தும். சரணம் மைனர் பக்கம் சாயும். அங்கே கையை ஒலித்துளைக்கு மேலே, ஃப்ரெட் பலகையை ஒட்டி நகர்த்திக்கொண்டால் குரல் தானே மங்கும்.

எத்தனை முறை பல்லவி திரும்ப வந்தாலும் ஒரே மாதிரி வாசிக்காதீர்கள். முதல் முறை பேஸ்கூட வேண்டாம், வெறும் மெட்டு. அவ்வளவு வெறுமையாக வாசிக்கக் கூச்சமாக இருக்கும்; வாசித்துவிடுங்கள்.

கேள்வி: ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’, ‘ஸ்கார்பரோ ஃபேர்’ ஆகியவற்றையும் கேல்டிக் பாடல்கள் என்று சேர்க்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இசைத்தட்டு உறைகளில் சேர்த்துவிடுகிறார்கள், நீங்கள் சேர்க்க வேண்டாம். முதலாவது 1580இல் லண்டனில் பதிவான ஆங்கிலப் பாட்டு. இரண்டாவதில் வரும் ஸ்கார்பரோ, இங்கிலாந்தின் யார்க்‌ஷர் கரையில் உள்ள ஊர்; அந்தப் பாட்டுக்கு ஸ்காட்லாந்தின் பழங்கதைப் பாடல் ஒன்றோடு உறவு உண்டு என்பது வரை சொல்லலாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், மேன் தீவு, கார்ன்வால், பிரான்சின் பிரிட்டனி ஆகிய கேல்டிக் மொழி நிலங்களின் இசைக்கே அந்தப் பெயர் உரியது.

கேள்வி: கேல்டிக் இசைக்கு ‘டாட்காட்’ முறையில் சுருதி சேர்க்க வேண்டும் என்கிறார்களே, நைலான் தந்திக் கிட்டாரில் அதைச் செய்தால் தந்தி அறுந்துவிடாதா? (திருச்சி வாசகர்)

பதில்: அறாது. டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்ற அந்த முறையில் 6ஆம் தந்தி ஈயிலிருந்து டிக்கும், 2ஆம் தந்தி பியிலிருந்து ஏக்கும், 1ஆம் தந்தி ஈயிலிருந்து டிக்கும் இறங்குகின்றன. மூன்றும் தளர்த்தப்படுவதால் அறுந்துபோகும் அச்சத்துக்கு இடமில்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தளர்ந்த 1ஆம் நைலான் தந்தி, எஃகுத் தந்தியைப் போல் கணீரென்று பேசாமல் தொளதொளவென்று ஒலிக்கும். பலமாக மீட்டினால் சுருதியும் பிசகும். இந்த முறையை 1960களின் தொடக்கத்தில் பரப்பியவர் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம். மொராக்கோ சென்றபோது அங்கே ஊத் என்ற அரபுத் தந்திக்கருவி வாசிப்பவர்களோடு இசைந்து வாசிக்க அவருக்கு இது உதவியது. அயர்லாந்தின் பழம்பெரும் மரபு என்று எண்ணிக்கொண்டு இதைத் தேடிப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இதற்கு மாறினால் நீங்கள் இதுவரை பழகிய ஃப்ரெட் கணக்கில் பாதி பயனற்றுப்போகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். முதல் ஓராண்டுக்கு 6ஆம் தந்தியை மட்டும் இறக்கிப் பழகுவதே நல்லது. இறக்கியபின் அதன் 12ஆம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக் ஒலி, 4ஆம் தந்தியின் ஒலியோடு ஒன்ற வேண்டும். நைலான் உடனே அடங்காது. டிக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு, மேலே ஏற்றிச் சேர்த்தால் நெடுநேரம் நிற்கும்.

கேள்வி: கர்நாடக இசையில் வயலின் கற்றவள் நான். படகுப் பாட்டின் பல்லவி மோகனமாகவே கேட்கிறது. கிட்டாரில் வாசிக்கும்போது கமகம் சேர்க்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். பல்லவியில் ச ரி க ப த தவிர வேறு ஸ்வரம் இல்லை. ஸ்காட்லாந்து மெட்டுகள் பலவற்றில் இந்த ஐந்து ஸ்வரங்களே நிற்கும். ஆனால் ஸ்வரங்கள் ஒன்றாக இருப்பதால் மட்டும் ராகம் ஒன்றாகிவிடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காந்தாரத்தை அசைத்த மறுகணமே துடுப்புக்காரர் மறைந்து கச்சேரி மேடை வந்துவிடும். ஸ்வரங்களை நேராக நிறுத்துங்கள். அணி வேண்டுமென்றால் அவர்களுடைய அணியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்வரத்துக்குச் சற்று முன் அதன் மேல் ஸ்வரத்தை மின்னலாகத் தொட்டு இறங்குவது. 1ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில் விரல் வைத்து மீட்டி, உடனே அந்த விரலாலேயே தந்தியைச் சுண்டி விட்டால் ரிஷபத்துக்கு அந்த அணி கிடைத்துவிடும். ஒரு வரிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

உங்கள் ராக ஞானம் உண்மையில் உதவப்போவது கார்ட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான். அயர்லாந்து மெட்டுகள் எல்லாம் சங்கராபரணத்தில் இல்லை. கரகரப்பிரியாவின் ஸ்வரங்களிலும் அரிகாம்போதியின் ஸ்வரங்களிலும் அமைந்தவை ஏராளம். ‘ஷீ மூவ்ட் த்ரூ த ஃபேர்’ அரிகாம்போதி வகையைச் சேர்ந்தது. அதில் நிஷாதம் கைசிகி. பழக்க தோஷத்தால் அங்கே ஏ செவன்த் கார்டை வைத்தால், அதற்குள் இருக்கும் சி ஷார்ப், அதாவது காகலி நிஷாதம், மெட்டின் கைசிகியோடு மோதும். டியை ஆதாரமாகக் கொண்டு வாசிக்கும்போது டி, சி என்ற இரண்டு கார்ட்களை மாற்றி மாற்றி வைத்தாலே பெரும்பகுதி நிறைந்துவிடும். கார்ட் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. மேளகர்த்தா தெரிந்தவர் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: அயர்லாந்து ஹார்ப்பின் ஒலியைக் கிட்டாரில் கொண்டுவர முடியுமா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவர்)

பதில்: பெருமளவு முடியும். 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்ப் கலைஞர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அயர்லாந்தின் கலைஞர்கள் பத்துப் பேர் வந்தார்கள். வாசித்தவற்றை எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்ட எட்வர்ட் பன்டிங்குக்கு அப்போது பத்தொன்பது வயது. வந்தவர்களில் தொண்ணூறு வயதைக் கடந்த, பார்வையற்ற டெனிஸ் ஹெம்ப்ஸன் ஒருவர்தான் பித்தளைத் தந்திகளை வளர்ந்த நகங்களால் மீட்டும் பழைய முறையைக் கைவிடாதவர். பித்தளை நெடுநேரம் ஒலிக்கும். ஒரு ஸ்வரத்தின் மேல் அடுத்தது படிந்து இழையும். அந்த இழைதலைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். கிட்டாரில் அதற்கு வழி, அடுத்தடுத்த ஸ்வரங்களை ஒரே தந்தியில் எடுக்காமல் வெவ்வேறு தந்திகளில் எடுப்பது. க ரி ச என்று இறங்கும் இடத்தில், எஃப் ஷார்ப்பை 2ஆம் தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டிலும், ஈயை 1ஆம் தந்தியில் விரல் வைக்காமலும், டியை 3ஆம் தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டிலும் எடுத்து, மூன்று முடியும்வரை இடக்கையைத் தூக்காமல் இருங்கள். மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். இதைப் பழக டர்லோ ஓ’கேரலனின் மெட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். 1670இல் பிறந்து 1738இல் மறைந்த அவர், பதினெட்டு வயதில் பெரியம்மையால் பார்வை இழந்தபின் ஹார்ப் கற்று, வீடு வீடாகப் பயணித்து வாசித்தவர். அவர் பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகள் இருக்கின்றன; அவை ஹார்ப்புக்கென்றே பிறந்தவை என்பதால் நைலான் தந்தியிலும் இயல்பாக அமர்கின்றன.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, கிட்டார் தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன. அவனுக்கு எளிதான அயர்லாந்து மெட்டு ஒன்று சொல்லுங்கள். (சென்னை மணலியிலிருந்து ஒரு தாய்)

பதில்: ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ கொடுங்கள். மாலோ என்பது அயர்லாந்தின் கார்க் பகுதியில் உள்ள ஊர். பையன் பாட்டு வகுப்புக்குப் போகிறவனாக இருந்தால் இதை முன்பே பாடியிருக்கவும் கூடும்: முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர உருப்படிகளில் ஒன்றான ‘வந்தே மீனாட்சி’யின் மெட்டு இதுவே. உங்கள் மணலியின் புரவலர் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் தீட்சிதர் இருந்த காலத்தில், கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு இத்தகைய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார் என்பது வரலாறு. ஜி மேஜரில் வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் வரும் ச க ச க 3ஆம் தந்தியும் 2ஆம் தந்தியும் மாறி மாறி. இடக்கைக்கு வேலையே இல்லை. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டுகின்றனவா என்று மட்டும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.