மாத்திரையைக் கணவர் வீசிவிட்டார். தங்கைக்கு வேறு வழி உண்டா?

கேள்வி: என் தங்கைக்கு 17 வயதிலேயே கல்யாணம் முடித்துவிட்டார்கள். இப்போது 19, குழந்தைக்கு எட்டு மாதம். அடுத்த பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்கிறாள். கருத்தடை மாத்திரையைக் கண்டுபிடித்த கணவர் அவளை அடித்து, அதைச் சாக்கடையில் வீசிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு மாமியார் கூடவே வருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: கருத்தடை ஊசி போடவோ, கருப்பைக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் வைக்கவோ கணவர் கையெழுத்து வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

தினமும் விழுங்கும் மாத்திரை இனி சரிவராது. எங்கே ஒளித்தாலும் ஒருநாள் கண்ணில் படும். ஆணுறை அவர் மனசு வைத்தால்தான். அந்தரா என்ற கருத்தடை ஊசியைத்தான் நான் முதலில் சொல்வேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரசு மருத்துவமனையில் இலவசம், தாய்ப்பாலுக்குக் கெடுதல் இல்லை. ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவாள் அல்லவா, அன்றைக்கே கேட்டுவிடலாம். ஊசி அட்டையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நர்ஸிடமே இருக்கட்டும். ஆனால் இந்த ஊசியால் மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றேவிடும். மாமியார் நாள் கணக்குப் பார்க்கும் வீடானால் காப்பர்-டி மேல். 380ஏ வகை 10 ஆண்டு வரை வேலை செய்யும். ரத்தப்போக்கு கொஞ்சம் கூடலாம். காப்பர்-டியோடு இருக்கும் நூல் கணவருக்குத் தட்டுப்படாதபடி குட்டையாக வெட்டச் சொல்லலாம்.

மாமியாரை வெளியே நிறுத்துவது கஷ்டமில்லை. "உள்பரிசோதனை செய்யணும், வெளியே இருங்கம்மா" என்று டாக்டர் சொன்னால் போதும். கிராம சுகாதார செவிலியரிடம் நீங்கள் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

பதினெட்டு ஆகாத பெண்ணை, கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் பல வீட்டார் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வருவதில்லை. கருத்தடை பற்றி அவளிடம் பேச ஆளே இல்லாமல் முதல் பிள்ளை பிறந்துவிடுகிறது. உங்கள் தங்கைக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். அவள் மேல் தப்பில்லை.

அடி தொடர்ந்தால் ஊசி மட்டும் அவளைக் காப்பாற்றாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவள் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அவள் விரும்பினால், குழந்தைத் திருமணச் சட்டப்படி 20 வயது நிறைவதற்குள் இந்தத் திருமணத்தையே ரத்துசெய்யக் கோரலாம். நாள் குறைவாக இருக்கிறது. மகளிர் உதவி எண் 181. அவள் போனிலிருந்து வேண்டாம், உங்கள் போனிலிருந்து அழையுங்கள்.