வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: 1525 ஜெர்மன் விவசாயிகள் போர்

கேள்வி: 1525இல் ஜெர்மனியில் நடந்த விவசாயிகள் போரை மதக் கலகம் என்று சிலரும், வயிற்றுப்பாட்டுக்கான கலகம் என்று சிலரும் எழுதுகிறார்கள். விவிலியம் ஒரு சாக்கு மட்டும்தானா?

பதில்: சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. குறைகள் பழையவை, அவற்றை அளக்கும் கோல்தான் புதிது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் என்ற திருச்சபை வரியாகப் போயிற்று. காட்டில் விறகு வெட்டவும் ஓடையில் மீன் பிடிக்கவும் இருந்த பொது உரிமைகளைப் பிரபுக்களும் மடாதிபதிகளும் ஒவ்வொன்றாகத் தமதாக்கிக்கொண்டார்கள். இவற்றையெல்லாம்விடக் கசந்தது சாவு வரி. பண்ணையடிமையாக இருந்த குடும்பத் தலைவன் இறந்தால் தொழுவத்திலுள்ள சிறந்த மாட்டையும், பெண் இறந்தால் அவளுடைய நல்ல உடையையும் ஆண்டைக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. இழவு விழுந்த வீட்டிலிருந்து மாட்டை ஓட்டிச் செல்வதைக் காட்டிலும் வெறுப்பை வளர்க்க வேறு வழி வேண்டியதில்லை.

ஆனால் 'எங்கள் பாட்டன் காலத்து வழக்கத்தை மீறிவிட்டீர்கள்' என்றே அதுவரை விவசாயிகள் பெரும்பாலும் முறையிட்டு வந்தார்கள். அந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மடத்துக்கு உட்பட்ட ஊரின் வழக்கம் அடுத்த பிரபுவுக்கு உட்பட்ட ஊருக்குப் பொருந்தாது, ஆகவே ஒவ்வோர் ஊரும் தன் ஆண்டையோடு தனித்தனியாகவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வேதத்தில் எழுதியிருப்பது மட்டுமே சட்டம் என்ற, லூத்தர் போன்ற திருச்சபைச் சீர்திருத்தவாதிகளின் போதனை பரவியபோது அந்த வேலி உடைந்தது. வேதம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே!

1525 மார்ச்சில் தென் ஜெர்மனியின் மேல் ஸ்வாபியா வட்டாரத்து மூன்று விவசாயப் படைகள் மெம்மிங்கன் நகரில் கூடின. அங்கே உருவான பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதியவர்களாகக் கருதப்படுவோர் இருவர்: விலங்குத் தோலில் ஆடை செய்யும் தொழிலாளியான செபாஸ்டியன் லோட்சர், போதகரான கிறிஸ்டோஃப் ஷாப்பெலர். தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பது முதல் கோரிக்கை. பதினோராவது, சாவு வரியை அடியோடு ஒழிக்கக் கேட்டது. மூன்றாவதுதான் அந்த ஆவணத்தின் உயிர்: ஆடு மேய்ப்பவனையும் மிக உயர்ந்தவனையும் விலக்கின்றி எல்லோரையும் கிறிஸ்து தம் இரத்தத்தால் மீட்டிருக்க, எங்களை இன்னொருவரின் உடைமையாக வைத்திருப்பது எப்படி? பன்னிரண்டாவது ஒரு சவால். எந்தக் கோரிக்கையாவது வேதத்துக்கு முரண் என்று காட்டினால் அதைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். ஆத்திரத்தில் கல்லெடுத்த கும்பல் இப்படி எழுதாது. கோரிக்கைகள் இரண்டே மாதங்களில் சுமார் 25,000 பிரதிகள் அச்சாகி ஜெர்மன் நாடுகளெங்கும் பரவின.

கேள்வி: போப்பையே எதிர்த்து நின்ற மார்ட்டின் லூத்தர், விவசாயிகளை ஏன் கைவிட்டார்?

பதில்: அவர் பேசிய விடுதலை ஆன்மாவுக்கானது; உடலுக்கும் நிலத்துக்கும் அதை நீட்டுவதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்று மூன்றாவது கோரிக்கைக்கு அவர் பதில் சொன்னார். ஆனாலும் தொடக்கத்தில், இந்தக் கிளர்ச்சிக்கு நீங்களே காரணம் என்று பிரபுக்களையும் கடுமையாகச் சாடினார். ஏப்ரல் 16 அன்று வைன்ஸ்பெர்க் நகரில் பிடிபட்ட பிரபுவையும் அவருடைய ஆட்களையும் விவசாயிகள் ஈட்டி முனைகளுக்கு நடுவே ஓடவிட்டுக் கொன்றார்கள். அந்தக் கொடுமையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் மே மாதம் லூத்தர் வெளியிட்ட சிறு நூல், கலகக்காரர்களை வெட்டுங்கள், குத்துங்கள், கொல்லுங்கள் என்று ஆட்சியாளர்களைத் தூண்டியது. குற்றத்துக்குத் தண்டனை கேட்பது வேறு, கூட்டக்கொலைக்கு ஆசி வழங்குவது வேறு என்பதே என் கருத்து.

லூத்தருக்கு நேர் எதிர்த் திசையில் போனவர், தீவிரப் போக்குடைய போதகரான தாமஸ் முன்சர். கடவுள் நோவாவோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமான வானவில்லைக் கொடியில் தீட்டி, நடு ஜெர்மனியின் துரிங்கியா விவசாயிகளோடு அவர் ஃபிராங்கன்ஹவுசன் போர்க்களத்தில் நின்றார். மே 15 அன்று கதிரவனைச் சுற்றி வானவில் போன்ற ஒரு வளையம் தெரிய, கடவுள் நம் பக்கம் என்று அவர்கள் நம்பினார்கள். சிறிது நேரத்தில் பீரங்கிகள் முழங்கின. விவசாயிகளில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். முன்சர் அம்மாத இறுதியில் தலை வெட்டப்பட்டார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களையும் கவனியுங்கள்: லூத்தரைப் பின்பற்றிய ஹெஸ்ஸேயின் ஆட்சியாளர் பிலிப்பும், கத்தோலிக்கரான சாக்சனியின் ஆட்சியாளர் ஜார்ஜும் ஒரே அணி! மதத்தில் எதிரெதிராக இருந்தவர்கள் நிலவுரிமையில் ஒன்றுபட அதிக நேரம் ஆகவில்லை.

கேள்வி: இத்தனை உயிர்ப்பலிக்கும் பலன் ஏதாவது கிடைத்ததா?

பதில்: மிகக் குறைவு. இறந்தோர் எண்ணிக்கையை 70,000 முதல் 1,00,000 வரை மதிப்பிடுகிறார்கள். தென் ஜெர்மனியின் கெம்ப்டன் மடத்துக்கு உட்பட்ட குடிகள் 1526இல் ஓர் உடன்படிக்கையின் மூலம் சில சலுகைகளைப் பெற்றார்கள். வேறு சில வட்டாரங்களிலும் சுமை சற்றுத் தளர்ந்தது. மற்றபடி பண்ணையடிமை முறை ஜெர்மனியின் பல பகுதிகளில் பதினெட்டாம் நூற்றாண்டைத் தாண்டியும் நீடித்தது. முதல் கோரிக்கையின் கதியோ இன்னும் விசித்திரமானது: லூத்தரின் சபை வேரூன்றிய நாடுகளிலேயே, போதகர்களைக் கண்காணிக்கும் அதிகாரம் ஊராரிடம் வராமல் ஆட்சியாளர்கள் அனுப்பிய ஆய்வாளர்களிடம் போய்ச் சேர்ந்தது.