ரொம்ப ஸ்ட்ரிக்ட்டான காலேஜ் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

பெரம்பூர்ல இருந்து எழுதறேன். பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா, கட்-ஆஃப் 196. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் கிடைச்சிடும்னு சொல்றாங்க, அவளுக்கும் அதான் ஆசை. ஆனா அந்தக் காலேஜ் இருக்கற அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸ்ல 2024 டிசம்பர்ல ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமைக்கப்புறம் எனக்கு மனசு ஒப்பல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் காலேஜ் பார்த்து வெச்சிருக்கோம். ரொம்ப ஸ்ட்ரிக்ட். பசங்களோட பொண்ணுங்க பேசவே கூடாதாம், ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிடுவாங்களாம், எங்க பார்த்தாலும் கேமரா. திருச்சியில ஹாஸ்டல்ல படிக்கற என் பையனும் அங்கயே சேர்த்துடுங்கனு சொல்றான். நானும் அவரும் சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போறோம். எதுல சேர்க்கலாம்? கராத்தே கிளாஸ், பெப்பர் ஸ்ப்ரே இதெல்லாம் உதவுமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல்ல பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. ஊரே கம்ப்யூட்டர் சயின்ஸ் பின்னாடி ஓடற நேரத்துல 196 வாங்கிட்டு சிவில் வேணும்னு கேக்கறாளே, அவளை நேர்ல பார்க்கணும் போல இருக்கு. நீங்க பயப்படறதுல தப்பே இல்ல. அந்தச் செய்தி வந்த வாரம் இந்த ஊர்ல பொண்ணைப் பெத்தவங்க யாருமே நிம்மதியா தூங்கியிருக்க மாட்டாங்க.

ஆனா அந்தக் கேஸை நீங்க முழுசா படிச்சீங்களா, இல்ல தலைப்போட நிறுத்திட்டீங்களானு எனக்கு ஒரு சந்தேகம். டிசம்பர் 23 ராத்திரி, கேம்பஸுக்குள்ள ஒரு பொண்ணு தன் ஃப்ரெண்டோட பேசிட்டிருக்கா. கோட்டூர்புரத்துல பிளாட்பாரத்துல பிரியாணி கடை போட்டிருந்தவன் உள்ள வர்றான், அந்தப் பையனை அடிச்சுத் துரத்தறான், போன்ல வீடியோ இருக்குனு அவளை மிரட்டறான். அந்த வீடியோவை வெச்சு அவன் போட்ட கணக்கு என்னனு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இவ வாயைத் திறக்க மாட்டா, ஏன்னா திறந்தா வீட்டுல முதல் கேள்வி "அந்த நேரத்துல ஒரு பையனோட உனக்கு அங்க என்ன வேலை"னுதான் வரும், காலேஜ்லயும் அதையேதான் கேப்பாங்க. அவன் நம்பிட்டு வந்தது உங்களையும் என்னையும்தான் தங்கச்சி.

அந்தப் பொண்ணு மறுநாளே போலீசுக்குப் போனா. அவளோட அடையாளம் இருந்த எஃப்ஐஆர் வெளிய கசிஞ்சுது, அந்த அசிங்கமும் நடந்துச்சு. அதுக்காக அவளுக்கு 25 லட்சம் இடைக்கால நஷ்டஈடு குடுக்கணும்னு ஹைகோர்ட் அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டு, விசாரிக்க மூணு பெண் ஐபிஎஸ் அதிகாரிங்களையும் போட்டுச்சு. 2025 மே 28 அவன் குற்றவாளினு தீர்ப்பு, ஜூன் 2 ஆயுள் தண்டனை, குறைஞ்சது 30 வருஷம் எந்தச் சலுகையும் கிடையாது. அஞ்சு மாசம்தான் ஆச்சு. அவ சொன்னதாலதான் இவ்வளவும். உங்க ஸ்ட்ரிக்ட் காலேஜா இருந்தா சொல்லியிருப்பாளா?

இந்த "ஸ்ட்ரிக்ட்"ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் படிச்சது அந்த மாதிரி ஒரு காலேஜ்லதான், சென்னைக்கு வெளிய, பேர் வேண்டாம். பொண்ணுங்களுக்கு ஒரு மாடிப்படி, பசங்களுக்கு ஒரு மாடிப்படி. காலேஜ் பஸ்ல டிரைவருக்குப் பின்னாடி நாங்க, கடைசியில அவங்க, நடுவுல ரெண்டு வரிசை காலியா வரும். ஹாஸ்டல்ல என் ரூம்ல ஆரணிக்காரி ஒருத்தி இருந்தா, நல்லா பாடுவா, சாம்பார்ல கத்தரிக்காயை மட்டும் ஒதுக்கி என் தட்டுல போட்டுடுவா. ஒரு நாள் ரெக்கார்டு நோட்டை வாங்க அஞ்சு மணிக்கு மேல லேபுக்குப் போயிருக்கா, லேப் அட்டெண்டர் கதவைச் சாத்திட்டு கையைப் பிடிச்சு இழுத்திருக்கான், எப்படியோ தள்ளிவிட்டு ஓடி வந்துட்டா. நாங்கதான் பெரிய புத்திசாலிங்க மாதிரி அவளை வார்டன்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வார்டன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அஞ்சு மணிக்கு மேல லேப்ல உனக்கென்னடி வேலை?" ரூல் இருந்துச்சு, அஞ்சு மணிக்கு மேல பொண்ணுங்க பிளாக்ல இருக்கக் கூடாதுனு. ரூலை மீறினதுக்கு அவகிட்ட மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினாங்க. அப்பாவை வரச் சொன்னாங்க. அவர் வந்து ஆபீஸ் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனார், வரும்போது கையில டிசி. அவ படிப்பு அதோட சரி. அந்த அட்டெண்டர் நாங்க பாஸ் பண்ணி வெளிய வர்ற வரைக்கும் அதே லேப்ல பீக்கர் கழுவிட்டிருந்தான்.

அந்தக் காலேஜ் ஆபீஸ்ல இன்னிக்கும் ஒரு அம்மா போய்க் கேட்டா "எங்ககிட்ட ஒரு புகார் கூட வந்ததில்ல மேடம்"னு நெஞ்சை நிமித்திச் சொல்லலாம். பொய்யே கிடையாது. எழுத்துல இருக்கறது அவளோட மன்னிப்புக் கடிதம் மட்டும்தானே. ரூல் கூடக் கூட, புகார் சொல்ல வர்ற பொண்ணு முதல்ல தன்னோட தப்பை ஒத்துக்கிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும். இதைப் புரிஞ்சுக்கோங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவுல ஒரு குடும்பம் கிட்டத்தட்ட உங்களை மாதிரியே யோசிச்சாங்க. ஜீன் கிளெரினு ஒரு பொண்ணு, அண்ணனுங்க படிச்ச டூலேன் யுனிவர்சிட்டிக்குத்தான் போறதா இருந்துச்சு, அங்க ஒரு மாணவி கொலையானது தெரிஞ்சதும் அப்பா அம்மா பயந்துபோய் அமைதியான, மரமும் மலையுமா இருந்த லீஹை யுனிவர்சிட்டியில சேர்த்தாங்க. 1986-ல ஹாஸ்டல் ரூம்லயே அவளைக் கொன்னுட்டாங்க. கொன்னவன் வெளி ஆள்கூட இல்ல, அங்கயே படிச்ச ஸ்டூடண்ட். தானா பூட்டிக்கற கதவுக்கெல்லாம் யாரோ முட்டுக்கொடுத்து வெச்சிருந்தாங்க. அதுக்கு முந்தின மூணு வருஷத்துல அந்த கேம்பஸ்ல 38 வன்முறைக் குற்றம் நடந்திருக்குனு பெத்தவங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. விடாம போராடினாங்க, 1990-ல சட்டம் வந்துச்சு, இப்ப அங்க கிட்டத்தட்ட ஒவ்வொரு காலேஜும் மூணு வருஷக் குற்றக் கணக்கை வருஷா வருஷம் அக்டோபர் 1-க்குள்ள வெளியிட்டாகணும். நம்ம ஊர்ல மத்திய அரசு காலேஜுங்களுக்குப் போடற என்ஐஆர்எஃப் ரேங்க் பார்க்கறோம், பிளேஸ்மெண்ட்ல யார் எத்தனை லட்சம் வாங்கினாங்கனு பேனர்ல பார்க்கறோம், அவ்வளவுதான்.

நம்மகிட்டயும் ஒண்ணுமே இல்லாம இல்ல. யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, அதோட 2015 விதிமுறைப்படி ஒவ்வொரு காலேஜ்லயும் உள்புகார் கமிட்டி இருக்கணும், ஐசிசினு சொல்வாங்க. தலைவர் ஒரு சீனியர் பெண் பேராசிரியரா இருக்கணும், வெளி ஆள் ஒருத்தர் இருக்கணும், மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா ஓட்டுப்போட்டு தேர்ந்தெடுத்த மூணு மாணவர்களும் இருக்கணும், 90 நாளுக்குள்ள விசாரணை முடியணும். எத்தனை புகார் வந்துச்சு, என்ன பண்ணாங்கனு வருஷா வருஷம் யூஜிசிக்கு கணக்கும் அனுப்பணும். இன்னொண்ணு தெரியுமா, பெண்கள் பாதுகாப்புங்கிற பேர்ல பசங்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்கு மட்டும் போடக் கூடாதுன்னும் அதே விதிமுறையில எழுதியிருக்கு. அதனால சனிக்கிழமை போனா கேமரா எத்தனைனு எண்ணிட்டு இருக்காதீங்க. ஐசிசி மெம்பர் லிஸ்ட்டை எங்க ஒட்டியிருக்கீங்கனு கேளுங்க. அந்த வெளி ஆள் யாரு, கரஸ்பாண்டெண்ட்டோட மச்சினரான்னும் கேளுங்க. போன வருஷம் எத்தனை புகார்னு கேளுங்க, அஞ்சு வந்துச்சு, நாலு முடிச்சோம்னு சொன்னா அது நல்ல காலேஜ். ஒண்ணுமே வரலனு சிரிச்சா கிளம்பி வந்துடுங்க. கிண்டியிலயும் இதையே கேளுங்க, பெரிய பேருக்காக விட்டுடாதீங்க.

லேடி வார்டன் இருக்காங்க, லேடி ஸ்டாஃப் இருக்காங்கனு ஆறுதல் சொல்லுவாங்க. 2018-ல அருப்புக்கோட்டையில மாணவிங்களுக்கு போன் பண்ணி பெரிய இடத்து ஆளுங்களுக்கு 'அனுசரிச்சு' போகச் சொன்னது ஒரு பேராசிரியைதான். அந்தப் பொண்ணுங்க பேச்சை ரெக்கார்ட் பண்ணி வெச்சதாலதான் வெளிய வந்துச்சு, 2024-ல பத்து வருஷம் தண்டனை கிடைச்சுது. ஸ்ட்ரிக்ட் காலேஜ்ல போனையே பிடுங்கி வெச்சுக்கறாங்களாமே?

உங்க பையனைப் பத்தியும் ஒரு வார்த்தை. அவனைத் திருச்சிக்கு அனுப்பும்போது இதுல ஒரு கேள்வியாவது கேட்டீங்களா? 1996-ல அண்ணாமலை யுனிவர்சிட்டியில சீனியர் ஒருத்தன் கையால செத்தது முதல் வருஷம் மெடிசின் படிச்ச ஒரு பையன், துணைவேந்தரா இருந்தவரோட மகன். அதுக்கப்புறம்தான் 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டமே வந்துச்சு. தங்கச்சியைப் பூட்டி வைங்கனு அட்வைஸ் பண்ற துரைகிட்ட, உன் ஹாஸ்டல்ல என்ன நடக்குதுனு ஒரு நாள் சாவகாசமா கேளுங்க.

கோவமா எழுதிட்டேன்னு நினைக்காதீங்க, கோவம்தான், ஆனா உங்க மேல மட்டும் இல்ல. உங்க பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி வைங்க, எந்த நேரம், எந்த இடம், யாரோட இருந்தாலும் ஏதாவது ஒண்ணுனா எனக்குத்தான் முதல் போன், ஏன் அங்க போனேனு கேக்கவே மாட்டேன்னு. சொல்றது சுலபம். ராத்திரி பத்தரைக்கு போன் அடிச்சு அழற குரல் கேக்கும்போது அந்தக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வரும், அப்ப முழுங்கணும். அந்த ஆரணிக்காரியோட அப்பாவுக்கு அது முடியல, வண்டி ஏறற வரைக்கும் அவளோட ஒரு வார்த்தை பேசல அந்த மனுஷன்.

கராத்தே பிடிச்சா போகட்டும், உடம்புக்கு நல்லது. பெப்பர் ஸ்ப்ரே உங்க இஷ்டம், சமையல்கட்டுல வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. கிண்டியா ஸ்ரீபெரும்புதூரானு கேட்டீங்கள்ல, அவளுக்குத்தான் ஏற்கனவே பதில் தெரிஞ்சிருக்கே, என்னை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? சனிக்கிழமை நானும் அவரும் போறோம்னு எழுதியிருக்கீங்க, படிக்கப் போறவளை வீட்டுல விட்டுட்டு. அவளையும் கூட்டிட்டுப் போங்க, ஐசிசி பத்தி அவளே கேக்கட்டும். அந்த ஆபீஸ்காரர் என்ன சொன்னார், மூஞ்சி எப்படிப் போச்சுனு மறக்காம எனக்கு எழுதுங்க.