உங்கள் பங்கு முதலில்

வணக்கம். உடம்பையும் மனதையும் கவனித்துக்கொள்வது பற்றிய உங்கள் கட்டுரையில் நொறுக்குத்தீனியையும் பானங்களையும் வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லியிருந்தீர்கள். படித்த உற்சாகத்தில் பேரீச்சை உருண்டை, ஓட்ஸ் பார், தேன் கலந்த பழச்சாறு என்று ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்றேன். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இரண்டே நாளில் காலி செய்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது கழுவ வேண்டிய பாத்திரம்தான். மாலை நாலரை மணிக்குப் பழையபடி காபியும் பிஸ்கட்டும். இது என்னை நானே கவனித்துக்கொள்வதா, தலையில் ஏறிய இன்னொரு வேலையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இன்னொரு வேலைதான், சந்தேகமே இல்லை. அன்று நீங்கள் செய்ததில் உங்களுக்கென்று ஒன்றுமே இல்லையே. அதனால் செய்முறைக்குப் போகும் முன் ஒன்று சொல்கிறேன். எதைச் செய்தாலும் முதலில் உங்கள் பங்கைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். ஒளித்து வைக்க வேண்டாம். ‘இது எனக்கு’ என்று வீட்டில் எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு வையுங்கள். முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால் நமக்கு என்கிற பழக்கம் மாறாதவரை எந்தச் சத்தான தின்பண்டமும் உங்கள் வாய்க்கு வந்து சேராது.

அப்புறம், ஞாயிறு முழுக்க நிற்கவே நிற்காதீர்கள். ஒரு தீனி, ஒரு பானம், பத்து நிமிடம். அதுவும் உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது பாப்கார்ன். சினிமாத் தீனி என்று ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் அது தவிடு நீக்காத முழுத் தானியம். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பாப்கார்ன் சோளத்தில் மூன்று மணிகளை மட்டும் போட்டு மூடுங்கள். அவை பொரிந்ததும் பாத்திரத்தை இறக்கி, மீதி மணிகளை ஒரே அடுக்காகப் பரப்பி, அரை நிமிடம் மூடி வையுங்கள். எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்திருக்கும். மறுபடி அடுப்பில் ஏற்றினால் படபடவென்று ஏறக்குறைய ஒன்றாகவே பொரியும். மூடியை லேசாக விலக்கி வையுங்கள், ஆவி வெளியேறினால்தான் மொறுமொறுப்பு நிற்கும். சத்தத்துக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி விழ ஆரம்பித்ததும் இறக்கிவிடலாம். ஒவ்வொரு மணிக்குள்ளும் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. சூடு 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, உள்ளிருந்து முட்டி, தோலை உடைக்கிறது. திறந்து கிடந்து உலர்ந்துபோன சோளம் பொரியாமல் அடியிலேயே தங்குவது இதனால்தான். காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருங்கள். உப்பை மிக்ஸியில் பொடித்துத் தூவினால் நன்றாக ஒட்டும், குறைவாகவே போதும்.

பானத்துக்கு இஞ்சியும் புதினாவும். தட்டிய இஞ்சியை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அதற்குப் பிறகுதான் புதினா. இலையைக் கையால் கிள்ளிப் போட்டு உடனே மூடிவிடுங்கள். அதன் மணம் எளிதில் பறந்துவிடும் எண்ணெயில் இருக்கிறது, திறந்து வைத்தால் ஆவியோடு போய்விடும். குடிக்கும் சூட்டுக்கு வந்ததும் எலுமிச்சை பிழியுங்கள். இது உடம்பின் நச்சை நீக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. ருசிக்காகக் குடியுங்கள், அது போதுமான காரணம்.

காபியை விடச் சொல்லவில்லை. ஆனால் இரவில் தூக்கம் சரியில்லை என்றால் அதைக் காலைக்கு நகர்த்திப் பாருங்கள். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. நாலரைக்குக் குடித்ததில் கிட்டத்தட்ட பாதி, இரவு ஒன்பதரைக்கும் ரத்தத்தில் இருக்கும்.

உங்கள் பட்டியலில் எனக்கு நெருடியது அந்தப் பழச்சாறு. வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்று 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. தேனையும் பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. முழுப் பழம் அதில் வராது. மூன்று ஆரஞ்சை உரித்துத் தின்னும்போது பாதியிலேயே வயிறு நிறைந்துவிடும். சாறாகப் பிழிந்தால் ஒரே மடக்கில் போய்விடும். பேரீச்சையில் நார்ச்சத்து உண்டுதான், ஆனால் இனிப்பும் ஏராளம். ஒரு நேரத்துக்கு ஓர் உருண்டை போதும்.

எதுவுமே செய்ய முடியாத நாள் வரும். அன்று ஒரு பழமும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நின்றுகொண்டே தின்னாதீர்கள். கணினியை மூடிவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, கால்மணி நேரம்.

பிள்ளைகள் உங்கள் டப்பாவைக் கேட்டு வந்தால், பெரிய பிள்ளைகளை அடுப்படிக்கு அழைத்துச் செய்யக் கற்றுக்கொடுங்கள், அவர்களே செய்துகொள்வார்கள். சின்னது ஏதாவது இருந்தால், நான்கு வயதுவரை பாப்கார்னும் முழுக்கடலையும் கண்டிப்பாக வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அன்புடன்.