தூண் பாறை ஏன் தூணாக நிற்கிறது?

வாசகர் கேள்வி பதில். இந்த மாதம் நீலகிரி, பழனி மலைகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு நிலவியல் குழுவினர் பதில் தருகிறார்கள்.

கே: வட அயர்லாந்துக் கடற்கரையில் அறுகோணக் கல்தூண்கள் வரிசையாக நிற்கும் படத்தை வகுப்பில் காட்டினேன். "நம்ம ஊர்த் தூண் பாறையும் இதே மாதிரிதானா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– ஓர் ஆசிரியை, கொடைக்கானல்

ப: இல்லை என்று சொல்லுங்கள். ஏன் இல்லை என்பதையும் செய்தே காட்டிவிடலாம்.

ஜயன்ட்ஸ் காஸ்வே என்ற அந்த இடத்தில் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவித் தேங்கியது. மேலிருந்தும் கீழிருந்தும் ஆறிச் சுருங்கியபோது அது வெடித்தது. வற்றிய குளத்துச் சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதே வெடிப்பு குழம்புக்குள் ஆழமாக இறங்கிப் போனதால் பாளங்கள் தூண்களாயின. அங்கே இருப்பவை ஏறக்குறைய 40,000 தூண்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம் இருக்கும். பெரும்பாலும் ஆறு பக்கம், சிலவற்றுக்கு ஐந்து அல்லது ஏழு. இவற்றின் உறவைப் பார்க்க அயர்லாந்து வரை போக வேண்டாம். உடுப்பி அருகே மால்பே கடலில் உள்ள செயின்ட் மேரீஸ் தீவிலும் இதே வகைத் தூண்கள் உண்டு. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்து, சுமார் 8.8 கோடி ஆண்டுப் பழைய எரிமலைப் பாறை அது.

கொடைக்கானல் தூண் பாறையில் எரிமலைக் குழம்பே கிடையாது. பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து இறுகிய சார்னோகைட் பாறை அது. மேலே இருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிந்து போனதாலும், நிலம் அழுத்தப்பட்டு இழுபட்டதாலும், பாறையில் செங்குத்தான பிளவுகள் விழுந்தன. மழைநீர் பிளவு வழியே இறங்கி இரு பக்கமும் பாறையை மக்கச் செய்தது, மக்கியதை ஓடை அடித்துக்கொண்டு போனது. பிளவு விழாத நடுப்பகுதிதான் 400 அடி உயரத்துக்கு நிற்கிறது. அங்கே தூண்கள் ஒரே அளவில் இல்லாததற்கும், ஆறு பக்கம் தேடினாலும் கிடைக்காததற்கும் இதுவே காரணம். சீனாவின் சாங்ஜியாஜியேயில் நிற்கும் 3,000க்கு மேற்பட்ட தூண்களும் இப்படிப் பிளவு வழியே செதுக்கப்பட்டவைதான். ஆனால் அவை மணற்கல்.

குணா குகையும் அதே பிளவுகளின் கதைதான். சுண்ணாம்புக் குகையைப் போல நீர் கரைத்த குகை என்று நினைத்துவிடக் கூடாது. செங்குத்துப் பிளவுகளின் வாயில் உருண்டைக் கற்கள் சிக்கிக் கூரை போல நிற்கின்றன. இலைச் சருகும் வேரும் வாயை மூடியிருக்க, கால் வைக்கும் இடத்தில் தரை இருக்கிறதா பள்ளமா என்று தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

செய்முறைக்குச் சோள ஸ்டார்ச்சும் (கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேளுங்கள்) தண்ணீரும் சம எடையில் கலந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி, குண்டு பல்பின் கீழே ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். கொடைக்கானல் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும், ஆகவே பிளீச் திரவம் சில சொட்டு விடுங்கள். மேலே தெரியும் அகன்ற வெடிப்பைப் பார்த்துத் தோற்றுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். அது வெறும் சேற்று வெடிப்பு. நன்றாகக் காய்ந்த பின் கட்டியை உடைத்து உள்பக்கம் பாருங்கள். சில மில்லிமீட்டர் அகலத்தில் குட்டித் தூண்கள் நிற்கும்.

கே: எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது வந்த கல் கிரானைட்டா, சார்னோகைட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– குன்னூர் வாசகர்

ப: வெளித்தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எல்லாக் கல்லும் வெயில் மழையில் பழுப்பாகிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் ஒரு முனையை உடைத்து, புது முகத்தை நனைத்துப் பாருங்கள். எண்ணெய் தடவியது போன்ற மினுக்கமும், கரும்பச்சை அல்லது நீலச்சாம்பல் நிறமும் இருந்தால் சார்னோகைட். கிரானைட் வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். நீலகிரிக் கல்லில் சிவப்புப் பொட்டுகளாகக் கார்னெட் என்ற கனிமமும் அடிக்கடி தென்படும்.

பெயரின் பின்னணி சுவையானது. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். அந்தக் கல் நம் பல்லாவரம் பக்கத்துப் பாறையோடு ஒத்தது. நீலகிரிப் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள பழனி மலைப் பாறை கடைசியாக வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

கே: எங்கள் பகுதியில் கற்பலகைகளை நட்டு மூடிய பழங்காலக் கல்திட்டைகளில் அவ்வளவு பெரிய பலகைக் கற்கள் எப்படிக் கிடைத்தன?
– தாண்டிக்குடி வாசகர்

ப: பாதி வேலையை மலையே செய்து கொடுத்துவிடுகிறது. மேல்சுமை குறைந்த பாறை மெல்ல விரியும்போது, மேற்பரப்புக்கு இணையாக வெங்காயத் தோல் போல உரியும். கலிபோர்னியாவின் ஹாஃப் டோம் குன்றின் வளைந்த முதுகும் இப்படி உரிந்துதான் வழுவழுப்பானது. மொட்டைப் பாறையில் ஏறிக் குதிகாலால் தட்டிப் பாருங்கள். 'டொம்' என்று உள்ளீடற்ற ஓசை வந்தால் அடியில் ஏடு விட்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் அடுப்பு மூட்டாதீர்கள், சூட்டில் சில்லு தெறிக்கும். கல்திட்டைப் பலகையின் மேல் மூட்டினால் விரிசலே விழும்.

கே: வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டியிருக்கிறோம். போன மழையில் மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு விரிசல் தெரிந்தது. பாறை மலைதானே, பயப்பட வேண்டுமா?
– கோத்தகிரி வாசகர்

ப: பயப்பட வேண்டும். இந்த மாதம் வந்த கேள்விகளில் மிக அவசரமானது உங்களுடையது.

நீங்கள் வெட்டியிருப்பது பாறையை அல்ல, மக்கிய பாறையை. நீலகிரியில் பல இடங்களில் பத்து மீட்டருக்கும் அதிகமான கனத்துக்குச் செம்மண்ணும் களிமண்ணும் மூடிக் கிடக்கின்றன. நடுவே மக்காத உருண்டைக் கற்கள். ஆஸ்திரேலியாவில் கார்லு கார்லு என்ற இடத்தில் இதே வகை உருண்டைகள், சுற்றியிருந்த மண் கரைந்து போய், சமவெளியில் கோலிகுண்டுகள் போல அம்மணமாகக் கிடக்கின்றன. உங்கள் மேட்டில் அவை இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. மண் நகர்ந்தால் வீட்டின் மேல் முதலில் உருளுபவை அவைதான்.

மழைநீர் மண்ணில் இறங்கி, அடியில் பாறையில் முட்டி நிற்கும். மண் துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏற ஏற, துகள்களின் பிடி தளரும். அடிவாரத்தை ஏற்கெனவே வெட்டிவிட்டதால் தாங்கவும் ஆளில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் அதிகமானோர் உயிரிழந்தது இத்தகைய சரிவுகளில்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளைத் தாங்கும் வெட்டுமேடு எதுவும் இல்லை.

இன்றே விரிசலின் இரு பக்கமும் இரண்டடி முளைக்குச்சி அடித்து, இடைவெளியை அளந்து தேதியோடு எழுதுங்கள். வாரம் ஒரு முறையும், மழை நாளில் தினமும் அளக்க வேண்டும். அது விரிந்துகொண்டே போனாலோ, மரமும் மின்கம்பமும் சாய்ந்தாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ, தெளிவாக வந்த ஊற்று கலங்கினாலோ அளப்பதை விட்டுவிட்டு வீட்டைக் காலி செய்யுங்கள். பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் சொல்லுங்கள். ஓடும் ஊற்று மழையிலேயே சட்டென்று நின்றுபோவதும் கெட்ட அறிகுறி, உள்ளே எங்கோ அடைத்து நீர் தேங்குகிறது.

மழை இல்லாத நாளில் விரிசலைக் களிமண்ணால் இறுக்க அடைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, அதற்கும் மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி நீரைப் பக்கவாட்டு ஓடைக்குத் திருப்புங்கள். வாய்க்காலுக்குச் சிமென்ட் பூச்சு தேவை. பூசாத வாய்க்கால் நீரை மேட்டுக்குள்ளேயே இறக்கிவிடும், அதை வெட்டாமலே இருக்கலாம். செப்டிக் டேங்க், சமையலறைக் கழிவுநீர் எதுவும் மேட்டின் தலையில் இருக்கக் கூடாது. வெட்டிய மண்ணை மேலே குவிக்கவும் கூடாது.

தடுப்புச் சுவர் இடிவதற்குப் பெரும்பாலும் காரணம் சுவரின் பலக்குறைவு அல்ல, பின்னால் நீர் தேங்குவது. மேஸ்திரிகள் வீப் ஹோல் என்று சொல்லும் வடிதுளைகளை 3 அங்குலக் குழாயில், மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சாய்வாக வையுங்கள். சுவருக்குப் பின்னே ஒரு அடி கனத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லி இல்லாத துளையை முதல் மழையிலேயே மண் அடைத்துவிடும். வெட்டாத சரிவில் வெட்டிவேரை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கு வரிசையாக நடலாம். மேல்மண்ணை நன்றாகப் பிடிக்கும், ஆனால் உறைபனி விழும் பள்ளத்தில் மந்தமாக வளரும். ஆழத்தில் நகரும் சரிவை எந்த வேரும் நிறுத்தாது. ஆகவே மேட்டின் உயரத்தைக் குறைத்துப் படியாக வெட்டலாமா என்பதை நிலவியல் தெரிந்த பொறியாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கே: கிராண்ட் கேன்யன் போல நம் பக்கம் ஏதாவது உண்டா?
– கூடலூர் வாசகர்

ப: அளவில் ஒப்பிட முடியாது. கொலராடோ ஆறு வெட்டிய அந்தப் பள்ளம் 446 கிலோமீட்டர் நீளம், 1.8 கிலோமீட்டர் வரை ஆழம். அங்கே படிப்படியாகத் தெரிவது கிடையாகப் படிந்த அடுக்குகள். நம் பக்கம் உள்ள பள்ளம் மாயாறு வெட்டியது. மாயாறு ஓடுவது, பூமியின் மேலோடு பழங்காலத்தில் உரசி நசுங்கிய ஒரு கோட்டின் வழியே. நசுங்கிய பாறை எளிதில் அரிபடும். வடக்கே மைசூர் மேட்டுநிலமும் தெற்கே நீலகிரியும் இந்தக் கோட்டில்தான் பிரிகின்றன.

பள்ளத்துக்குள் இறங்க முடியாது, புலிகள் காப்பகக் காடு. கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போங்கள். கீழே மாயாறும், தெங்குமரஹாடாவின் வயல்களும், பக்கத்தில் ரங்கசாமி மலையும், தூரத்தில் பவானிசாகர் நீரும் தெரியும். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் சமவெளியின் சூட்டுக் காற்று சரிவேறி மேகமாகி, பள்ளத்தை மூடிவிடும்.